ராத்திரிக்கு வீட்டுச் சூப்: ஆறு பேருக்கு ஒரே பாத்திரத்தில் வைப்பது எப்படி?

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு காலை 9:40

வணக்கம். வீட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. மனைவி நர்ஸ், இந்த மாதம் அவளுக்கு நைட் டூட்டி. சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலைதான் வருவாள். அதனால் ராத்திரி சமையல் என் பொறுப்பு. தோசை சுடுவேன், ரசம் வைப்பேன். அதற்கு மேல் கை பழகவில்லை.

அப்பாவுக்குப் போன வாரம் மேல்வரிசையில் நான்கு பல் எடுத்தார்கள். மெல்ல முடியவில்லை. தினமும் சோற்றைக் குழைத்து ரசத்தில் கரைத்துக் குடிக்கிறார், முகமே வாடிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் காயைத் தட்டின் ஓரமாக ஒதுக்குகிற ரகம். மனைவிக்கு ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது கொடுத்தனுப்ப ஆசை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு காய்கறி சூப் வைத்துவிட்டால் என்ன என்று நேற்று இறங்கினேன்.

கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், தக்காளி எல்லாவற்றையும் நறுக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் நான்கு விசில். திறந்ததும் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினேன். கட்டி கட்டியாக நின்றது. கோஸ் வாடை கூடம் வரை வந்தது. ருசி என்று பார்த்தால் காய் வெந்த தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு வாயோடு டம்ளரை வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் முழுவதையும் குடித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கே தப்பு செய்தேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோல்கேட்காரி | ஞாயிறு காலை 10:05

அண்ணா, தண்ணீரை முதலில் ஊற்றினீர்கள். அங்கேயே சூப் போய்விட்டது. வதக்காத காயில் என்ன மணம் வரும்?

காய் எங்கே வாங்கினீர்கள்? டோல்கேட் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போங்கள், பீன்ஸை ஒடித்துப் பார்த்து வாங்குங்கள். டக்கென்று ஒடியணும். வளைந்தால் நார்தான்.

குடியாத்தம் ஆயா | ஞாயிறு காலை 11:30

தம்பி, உங்கள் அப்பா நேற்றுக் குடித்தது உங்களுக்காக. இனி ருசிக்காகக் குடிக்க வைப்போம், கவலைப்படாதீர்கள். எனக்கு 68 வயது. என் வீட்டுக்காரருக்குப் பல் போன பிறகு மூன்று வருடம் வாரத்தில் நான்கு நாள் சூப்பு வைத்திருக்கிறேன்.

கேரட் மாதிரிக் காயை அதன் தண்ணீரிலேயே வேர்க்க விடணும். நம் வீடுகளில் பொரியலுக்குச் செய்வதுதான், ஆனால் இன்னும் நிதானமாக.

அடிகனமான பாத்திரம் இல்லை என்றால் குக்கரையே மூடியில்லாமல் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், கூடவே ஒரு டீஸ்பூன் எண்ணெய். பிரிஞ்சி இலை ஒன்று, ஐந்து பல் பூண்டு தட்டிப் போடுங்கள். பெரிய வெங்காயம் இரண்டு, பொடியாக. சின்னத் தீ. வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். பிரியாணிக்கு வதக்குகிற மாதிரி சிவக்க விட்டால் அது வேறு மணம், சூப்புக்குச் சேராது.

அப்புறம் கேரட் இரண்டு, பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு, நூக்கல் பாதி. எல்லாம் பட்டாணி அளவுக்கு நறுக்கியது. அளவு ஒன்றாக இருக்கணும், இல்லாவிட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அரை டீஸ்பூன் உப்பு தூவிக் கிளறி மூடுங்கள். எட்டு நிமிடம், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும்.

இப்போது மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் கேரட் நிறத்தில் இரண்டு கரண்டிச் சாறு ஓடும், மேலே வெண்ணெய் பொட்டுப் பொட்டாக மினுங்கும். அந்தச் சாறுதான் சூப்பு தம்பி. அதற்குப் பிறகு ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அதை ஆறு பேருக்கு நீட்டுவதற்கு.

தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், கொதித்த தண்ணீராக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, திரும்ப ஏற நேரம் ஆகும். மிதமான தீயில் பன்னிரண்டு நிமிடம். கோஸ் போடுவதானால் ஒரு கைப்பிடி, மெல்லிசாகச் சீவி, கடைசி ஐந்து நிமிடத்தில்தான். நீங்கள் அதை நான்கு விசில் விட்டீர்கள், அதனால்தான் அந்த வாடை. கோஸும் காலிஃபிளவரும் அதிகம் வெந்தால் கந்தக வாடை விடும்.

கெட்டியாக்க நான் கார்ன்ஃப்ளார் தொடுவதே இல்லை. பாசிப்பருப்பு மூன்று மேசைக்கரண்டி தனியாகக் குழைய வேகவைத்து மத்தால் கடைந்து ஊற்றுவேன். வயிற்றுக்கும் நிற்கும். வெறும் காய்ச் சூப்பு குடித்துப் படுத்தால் நடுராத்திரி பசி எழுப்பிவிடும்.

மிளகை அடுப்பை அணைத்த பிறகு இடித்துப் போடுங்கள். கொதிக்கிறபோது போட்டால் காரம் நிற்கும், மணம் ஆவியோடு போய்விடும்.

காட்பாடி லைன் | ஞாயிறு மதியம் 12:15

ஆயா சொன்னது சரி, ஆனால் குக்கரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். நான் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவன். வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகும். வதக்கி முடித்துத் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு விசில். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் குளித்துவிட்டு வந்தால் சூப் தயார். கோஸை மட்டும் திறந்த பிறகு போட்டு ஒரு கொதி.

கார்ன்ஃப்ளார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கட்டி தட்டியதற்குக் காரணம் சூடான தண்ணீரில் கரைத்ததாகத்தான் இருக்கும். சூடு பட்டவுடன் மாவின் வெளிப்பக்கம் பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே மாவு அப்படியே உலர்ந்து நிற்கும். பச்சைத் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, சூப் கொதிக்கும்போது ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறணும். இரண்டு நிமிடம் கொதித்தால்தான் மாவு வாசனை போகும்.

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு மதியம் 1:10

ஆமாம், வெந்நீரில்தான் கரைத்தேன். சீக்கிரம் கரையும் என்று நினைத்தேன்.

ஆயா, தக்காளியை நீங்கள் சொல்லவே இல்லையே? வெங்காயத்தோடு சேர்த்து வதக்கணுமா? குழம்புக்கு அப்படித்தானே செய்கிறோம்.

குடியாத்தம் ஆயா | ஞாயிறு மதியம் 1:45

விட்டுப்போச்சு தம்பி. தக்காளி இரண்டு, காய் வெந்த பிறகுதான். முதலிலேயே போட்டால் காய் வேகாது. என் அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. காரணம் எனக்குத் தெரியாது.

பாகாயம் பின்வாசல் | ஞாயிறு மாலை 4:20

காரணம் இருக்கிறது ஆயா, உங்கள் அம்மா சொன்னது முற்றிலும் சரி. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்கிற பொருள். கொதிக்கும் தண்ணீரில் அது கரையக் கரையக் காய் மெத்தென்று ஆகிறது. புளிப்பு சேர்ந்தால் அது கரைவது மெதுவாகிவிடும். தக்காளி, புளி, எலுமிச்சை எல்லாமே அப்படித்தான். அதனால்தான் சாம்பாரில் புளி ஊற்றுவதற்கு முன் காயை வேகவிடுகிறோம். பீன்ஸின் பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போவதும் புளிப்பினால்தான். காய் வேகும்போது அதிலிருந்தே கொஞ்சம் அமிலம் ஆவியோடு வரும், மூடி போட்டால் அது திரும்ப உள்ளேயே சொட்டும். ஆகவே வதக்கும்போது மூடுங்கள், தண்ணீர் ஊற்றிய பிறகு திறந்து வையுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். சூப்புக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்? எங்கள் தெருவில் போர் தண்ணீரில் துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அதே பருப்பு மூன்று விசிலில் குழைகிறது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தக் கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் வேலூர்ப் பக்கம் சூப்புக் குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே தண்ணீரைப் பற்றி எழுதணும் என்பேன்.

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு மாலை 4:50

போர் தண்ணீர்தான் சார். குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். குக்கரின் உள்ளே வெள்ளைப் படலம் கட்டியிருப்பதை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இனி சூப்புக்கும் பருப்புக்கும் குடிக்கிற தண்ணீர்தான்.

டோல்கேட்காரி | ஞாயிறு மாலை 5:30

நான் தக்காளியைத் தனியாக வதக்கிவிடுவேன். சின்ன வாணலியில் கொஞ்சம் வெண்ணெய், தக்காளியைத் தோலோடு நறுக்கிப் போட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் ஒதுங்கும் வரை. அதைச் சூப்பில் கொட்டி ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் நிறமும் ருசியும் அருமையாக வரும். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவணும், அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். வீட்டில் முள்ளுக்கத்தரி அரைக் கிலோ கிடக்கிறது. சூப்பில் இரண்டு போடலாமா?

ஆம்பூர் அடுப்படி | ஞாயிறு இரவு 7:15

வேண்டாம் சகோதரி! இலவம்பாடி முள்ளுக்கத்தரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். எண்ணெயும் புளியும் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். எங்கள் ஊரில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் வைப்பது சும்மா இல்லை. தண்ணீரில் வேகவைத்தால் சதை கரைந்து, விதை மிதந்து, சூப் பழுப்பாகிவிடும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, சூப்புக்கு ஒரு துண்டு சுரைக்காய் போடுங்கள். சுரைக்காய்க்குத் தனி ருசி கிடையாது, மற்றக் காயின் ருசியை வாங்கிக்கொள்ளும், அரைத்தால் நன்றாக வழவழவென்று வரும்.

சத்துவாச்சாரி அண்ணாவுக்கு ஒரு விஷயம். அப்பாவுக்குப் பல் இல்லை என்றீர்கள், எப்படியும் அரைக்கத்தான் போகிறீர்கள். கொதிக்கிற சூப்பை மிக்ஸியில் ஊற்றி மூடி அரைக்காதீர்கள். இரண்டு வருடம் முன்பு நோன்பு மாதத்தில், நேரம் நெருங்கிவிட்டதே என்று அடுப்பிலிருந்து இறக்கியவுடன் பெரிய ஜாரில் முக்கால் பங்கு ஊற்றி ஸ்விட்சைத் திருப்பினேன். ஒரே நொடி. உள்ளே ஆவி விரிந்து மூடியை எகிற வைத்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொட்டிவிட்டது. கெட்டியான சூப் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். குழாயைத் திறந்து இருபது நிமிடம் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

காயை மட்டும் கரண்டியால் அரித்துத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் அரைத்து, சாற்றில் திருப்பிச் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். அவசரம் என்றால் பருப்பு மத்தே போதும்.

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு இரவு 7:50

நல்லவேளை சொன்னீர்கள். நான் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும் அரைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. மகளுக்குக் கூழ் மாதிரி இருந்தால் ஆகாது, சின்னவன் துண்டு துண்டாகத் தெரிந்தால்தான் எடுத்துத் தின்பான்.

குடியாத்தம் ஆயா | ஞாயிறு இரவு 8:10

பாதியை எடுத்து அரைத்து, பாதியைத் துண்டாக விடுங்கள். பரிமாறும்போது அப்பாவுக்கு மேலாக மொண்டு ஊற்றுங்கள். பிள்ளைகளுக்கு அடியிலிருந்து அள்ளுங்கள். துண்டெல்லாம் அடியில்தான் கிடக்கும்.

வாலாஜா மகள் | ஞாயிறு இரவு 9:30

நல்ல இழை. ஒரு எச்சரிக்கை மட்டும். என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. காய்கறி சூப் உடம்புக்கு நல்லது என்று நம்பி தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. காயின் பொட்டாசியம் தண்ணீரில் இறங்கும், சூப்பில் நாம் அந்தத் தண்ணீரையே குடிக்கிறோம். இப்போது காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுத்தான் அவர்களுக்குச் சமைக்கிறேன், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மற்றவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டவே கூடாது.

சத்துவாச்சாரி அப்பா | ஞாயிறு இரவு 9:45

உங்கள் அம்மா நலமாக இருக்கட்டும் அம்மா. அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் ஒன்றும் இல்லை, இரத்த அழுத்தம் மட்டும் உண்டு. உப்பு எவ்வளவு போடலாம்?

பாகாயம் பின்வாசல் | ஞாயிறு இரவு 10:20

கணக்குப் பார்ப்போம். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். ஒன்றரை லிட்டர் சூப்புக்கு மொத்தம் ஒன்றேகால் டீஸ்பூன் போட்டால் ஏழரை கிராம், ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றேகால் கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மற்ற வேளை சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இருக்கின்றன. ஆகவே மொத்தத்தையும் ஒரு டீஸ்பூனோடு நிறுத்தி, பிள்ளைகளுக்கு வேண்டுமானால் டம்ளரில் ஒரு சிட்டிகை சேருங்கள். எலுமிச்சை நான்கு சொட்டு விட்டால் உப்புக் குறைவு தெரியாது. இறக்கிய பிறகு விடுங்கள், கொதித்தால் கசக்கும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுங்கள் என்பார்கள். உருளை தண்ணீரோடு சேர்த்து உப்பையும் குடிக்குமே தவிர, உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது. உப்பில்லாத பருப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றுவதுதான் வழி.

காட்பாடி லைன் | திங்கள் காலை 6:50

ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வருகிறேன். எல்லாரும் நல்லது சொல்கிறீர்கள், ஆனால் கடையில் குடிக்கிற சூப்பின் அந்த ருசி வீட்டில் வராததற்கு ஒரே காரணம் அஜினோமோட்டோ. ஒரு சிட்டிகை போட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?

குடியாத்தம் ஆயா | திங்கள் காலை 8:00

என் வீட்டில் அது நுழைந்ததே இல்லை தம்பி.

பாகாயம் பின்வாசல் | திங்கள் காலை 8:25

விஷம் என்று பயப்பட அதில் ஒன்றும் இல்லை, வீட்டுச் சூப்புக்குத் தேவையும் இல்லை. 1908இல் கிகுனாயே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர், கடற்பாசிச் சாற்றுக்கு அந்தத் தனி ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்ததுதான் குளுட்டமேட். அஜினோமோட்டோவில் இருப்பதும் அதுதான். அது பழுத்த தக்காளியிலும் காளானிலும் தானாகவே இருக்கிறது. டோல்கேட் சகோதரி தக்காளியைச் சுண்ட வதக்குகிறார்களே, அதில் தண்ணீர் போய் இந்த ருசிதான் திரண்டு நிற்கிறது. காளான் நான்கு கிடைத்தால் நறுக்கி, அதன் தண்ணீர் வற்றி லேசாகச் சிவக்கும் வரை வதக்கிச் சேருங்கள். கடை ருசி வந்துவிடும்.

குடியாத்தம் ஆயா | திங்கள் காலை 9:15

ருசி ஏற நான் செய்வதைச் சொல்கிறேன். கொள்ளு வேகவைக்கிற அன்று அந்தத் தண்ணீரைக் கொட்ட மாட்டேன், பாதி ரசத்துக்கு, பாதி சூப்புக்கு. கொள்ளு இல்லாத அன்று கொத்தமல்லித் தண்டு, கேரட் தோல், பீன்ஸ் முனை, வெங்காயத்தின் உள்தோல் எல்லாவற்றையும் மண் போகக் கழுவி, நான்கு மிளகு போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுவேன். சூப்புக்கு வெறும் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றுவேன். அதில் கோஸ் தண்டும் பீட்ரூட்டும் போடாதீர்கள். ஒன்று நாறும், இன்னொன்று எல்லாவற்றையும் சிவப்பாக்கும்.

ஜவ்வாது காற்று | திங்கள் மதியம் 12:40

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊர் ஜமுனாமரத்தூர்ப் பக்கம். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989இல் பிரிக்கிற வரை எல்லாம் ஒரே வட ஆற்காடுதான்.

கெட்டியாக்க எங்கள் மலைச் சாமை இருக்கிறதே. இரண்டு மேசைக்கரண்டி சாமையைக் கழுவி, காய் வதங்கியதும் அதோடு ஒரு புரட்டு புரட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சூப் வேகிற நேரத்துக்குள் அதுவும் மலர்ந்து தானாகக் குழைந்து நிற்கும். கட்டி தட்டும் பயமே இல்லை. பிள்ளைகள் கரண்டியில் அள்ளிக் குடிப்பார்கள். ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தண்ணீராகவே இறக்குங்கள்.

எங்கள் வீட்டில் மார்கழிக் குளிரில் இதுதான் ராத்திரிச் சாப்பாடே. பக்கத்தில் சுட்ட அப்பளம் ஒன்று.

டோல்கேட்காரி | திங்கள் மாலை 6:05

பால் ஊற்றலாமா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், தக்காளி போட்ட சூப்பில் கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரிந்துவிடும். ஆசைப்பட்டால் இறக்கி வைத்து, காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், அதன் பிறகு அடுப்பில் ஏற்றாதீர்கள்.

அப்பாவுக்குப் பல் எடுத்த இடம் ஆறும் வரை கொதிக்கக் கொதிக்கக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவும் கூடாதாம், என் மாமனாருக்குச் சொன்னார்கள்.

சத்துவாச்சாரி அப்பா | திங்கள் மாலை 6:30

மனைவியும் அதையேதான் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு வைக்கிறேன்.

சத்துவாச்சாரி அப்பா | செவ்வாய் இரவு 10:15

வைத்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். நறுக்கவே அரை மணி நேரம் ஆனது. பட்டாணி அளவு என்று ஆயா சொன்னது மனதில் இருந்ததால் அவசரப்படவில்லை. அம்மா வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு பீன்ஸை அவர்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

வெண்ணெய், பூண்டு, வெங்காயம். கண்ணாடி மாதிரி ஆக ஆறு நிமிடம் ஆனது. சனிக்கிழமை ஒரு நிமிடம்கூட வதக்காதது நினைவுக்கு வந்தது. காயைப் போட்டு, உப்பு தூவி, மூடினேன். எட்டு நிமிடமும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்து பாத்திரத்தைச் சாய்த்தேன். ஆயா, நீங்கள் சொன்ன அந்தச் சாறு இருந்தது! தண்ணீரே ஊற்றாத பாத்திரத்தில், கேரட் நிறத்தில், மேலே வெண்ணெய் மினுங்க. ஒரு கரண்டியில் எடுத்துச் சப்பிப் பார்த்தேன். இனித்தது. சர்க்கரை போடாத ஒன்று இப்படி இனிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவுக்கும் ஒரு சொட்டு கையில் விட்டேன்.

பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். கேரட் நசுங்கியதும் தக்காளியைத் தனியாக வதக்கிக் கொட்டினேன். பாசிப்பருப்பு அம்மா கடைந்து கொடுத்தார்கள். கோஸ் ஒரு கைப்பிடி கடைசியில், வாடை வரவில்லை. பாதிக் காயைத் தட்டில் ஆறவைத்து மத்தாலேயே மசித்தேன், மிக்ஸி பக்கம் போகவில்லை. மிளகு இறக்கிய பிறகு.

ஒரு குறை, உப்பைக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு டம்ளரில் சேர்த்தேன். இன்னொன்று, ஆறு ஐம்பதுக்குத்தான் இறக்கினேன், அவள் கிளம்புகிற அவசரம். ஃபிளாஸ்கில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டுச் சூப்பை ஊற்றினேன். மிளகைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இப்போது இடைவேளையில் குடித்திருக்கிறாள், இன்னும் சூடு இருக்கிறது என்று செய்தி வந்தது.

மகள் இட்லியைத் தொட்டுக்கொண்டு ஒரு டம்ளர் காலி செய்தாள். சின்னவன் கேரட்டை மட்டும் விரலால் பொறுக்கித் தின்று, சாற்றை மிச்சம் வைத்தான். அவனுக்கு நாளைக்குச் சாமை போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு டம்ளர் மீதி இருக்கிறது. அதை என்ன செய்ய?

ஆம்பூர் அடுப்படி | செவ்வாய் இரவு 10:40

அல்ஹம்துலில்லாஹ், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. மீதியை வெளியே வைக்காதீர்கள் அண்ணா, நம் ஊர் வெயிலுக்குப் பருப்பு சேர்ந்தது காலைக்குள் நுரைத்துவிடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளைக்கு நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், இல்லை என்றால் காலை சாம்பாரில் ஊற்றிவிடுங்கள். யாருக்கும் தெரியாது, ருசி மட்டும் கூடும்.

குடியாத்தம் ஆயா | செவ்வாய் இரவு 10:50

தூங்காமல் இதற்காகத்தான் காத்திருந்தேன். எல்லாரையும் சொன்னீர்கள் தம்பி, அப்பாவைச் சொல்லவில்லையே. என்ன சொன்னார்?

சத்துவாச்சாரி அப்பா | செவ்வாய் இரவு 10:55

ஒன்றும் சொல்லவில்லை ஆயா. குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். ஊற்றினேன். அப்புறம் இன்னொரு தடவை நீட்டினார்.